நெருப்பின் விளிம்பில் ஐந்து நிமிடம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் மஹல்லாவில் ஓர் இளைஞர் இருக்கிறார். சரக்குக் கப்பலில் வேலை. ஆண்டில் சில மாதங்கள்தாம் ஊரில் இருப்பார். 2019-ஆம் ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்தார். தேநீர் அருந்தியபின் தம் கைப்பேசியை எடுத்து ஒரு காட்சியைக் காட்டினார். ஆழமான ஒரு பெருங்குழி. அதன் அடியில் செக்கச் சிவந்த நெருப்புக் குழம்பு, அலையடிக்கும் கடல்போலப் புரண்டுகொண்டிருந்தது. கீழிருந்து வந்த இரைச்சலும் கடலோசை போலவே கேட்டது.

"ஹஜ்ரத், இது நிகராகுவா நாட்டிலே மசாயா என்கிற எரிமலை. கப்பல் கொரிந்தோ துறைமுகத்திலே நின்றபோது கூட வேலை செய்கிறவர்களோடு போனேன். தலைநகரம் மனாகுவாவிலிருந்து ரொம்பப் பக்கம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கித்தான் பார்த்தேன். நெருப்பை வேடிக்கை பார்க்கக் காசு செலவழித்தது வீண் விளையாட்டா? அங்கே ஒரு சிலுவையும் நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்திலே நின்றது தப்பா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாம் உடனே பதில் சொல்லவில்லை. "ஸுப்ஹானல்லாஹ்!" என்று சொல்லிவிட்டு, "இன்னொரு தடவை போடுங்கள் தம்பி" என்றோம். மூன்று தடவை பார்த்தோம். அப்போது கதவோரம் நின்றிருந்த அவருடைய உம்மா மகனிடம் கேட்டார்: "இவ்வளவு புகை வருதே வாப்பா, இது எங்கே போய் விழுது?"

"தெரியலையே உம்மா. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாதுன்னு அஞ்சு நிமிஷத்திலே எங்களை அனுப்பிட்டாங்க."

"அஞ்சு நிமிஷமே ஆகாதுன்னா, அங்கேயே குடியிருக்கிறவங்க என்ன செய்வாங்க?"

அந்த அம்மையார் மூச்சிரைப்பு நோய் உள்ளவர். விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் வெந்தவர். மகனுக்கும் பதில் தெரியவில்லை; நமக்கும் தெரியவில்லை. மகன் நேரில் பார்த்தார். நாம் மூன்று தடவை திரையில் பார்த்தோம். கதவோரம் நின்று ஒரே தடவை பார்த்தவருக்குத் தோன்றிய கேள்வி நம் இருவருக்கும் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

முதலில் அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

பயணம் செய்து பார்ப்பதை நம் மார்க்கம் தடுக்கவில்லை, தூண்டுகிறது. பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பார்க்கும்படி சூரத்துல் அன்கபூத் நம்மை ஏவுகிறது. சூரத்துல் வாகிஆவில் அல்லாஹ் நெருப்பைப் பற்றியே பேசுகிறான். மனிதன் மூட்டும் நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும், பயணிகளுக்குப் பயன்பொருளாகவும் ஆக்கியிருப்பதாகச் சொல்கிறான். நினைவூட்டல் என்பதை முதலிலும், பயன் என்பதை அடுத்தும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். நெருப்பைப் பார்க்கப் போனவன் அந்த நினைவூட்டலை வாங்கிக்கொண்டு திரும்பினால் அவன் காசு வீணாகவில்லை. வெறும் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

இனி அந்த மலையைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். மசாயா வானளாவிய சிகரமன்று. மனாகுவாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 600 மீட்டர் உயரமே உள்ள மலை. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமும் 6 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்குள் அது இருக்கிறது. பசிபிக் கடலடித் தரைப் பாளம் ஒன்று மத்திய அமெரிக்காவின் அடியில் நுழைந்து அமிழ்கிறது. அதனோடு ஆழத்துக்குச் செல்லும் நீர் அங்குள்ள சூடான பாறையை இளக வைக்கிறது. இளகிய பாறை மேலே வருகிறது. நிகராகுவாவில் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இதுவே. மசாயாவின் சாந்தியாகோ என்னும் வாயில் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் நெருப்புக் குழம்பு ஏரிபோலத் தேங்கி மேலே தெரியத் தொடங்கியது. மலையின் விளிம்பு வரை கார் போகும் என்பதால் நாள்தோறும் மக்கள் வந்து பார்த்தார்கள். இரவில் பார்ப்பதற்குக் கூட்டம் இன்னும் அதிகம்.

இந்த ஒரே நெருப்பை ஐந்நூறு ஆண்டுகளில் எத்தனை விதமான மனிதர்கள் எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது யோசிக்கத்தக்கது.

அந்நாட்டின் பழங்குடியினர் அதனுள் ஒரு மூதாட்டி வடிவான தெய்வம் இருப்பதாக நம்பினார்கள். அவளிடம் குறி கேட்டார்கள். மனிதர்களையே அவளுக்குப் பலி கொடுத்ததாக, 1529-இல் அங்கு சென்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியெதோ எழுதி வைத்தார். பின்னர் வந்த ஸ்பானியப் பாதிரிமார் அதை நரகத்தின் வாய் என்றார்கள். தீய ஆவியை விரட்ட விளிம்பில் ஒரு சிலுவையை நட்டார்கள். நம் இளைஞர் பார்த்தது அதன் நினைவாகப் பிற்காலத்தில் நட்டது.

1538-இல் பிளாஸ் தெல் காஸ்தில்யோ என்ற இன்னொரு துறவி வந்தார். அந்தச் சிவந்த குழம்பு உருகிய தங்கம் என்பது அவருடைய எண்ணம். கயிறு கட்டிக் குழிக்குள் இறங்கினார். சங்கிலியில் இரும்புப் பாத்திரத்தைக் கட்டி நெருப்பில் விட்டு அள்ளப் பார்த்தார். மேலே வந்தது கரிய கல்லும் கசடுமே! உலகத்தைத் துறந்தேன் என்று சொன்னவரின் கண்ணுக்கு நரகத்தின் வாயும் தங்கச் சுரங்கமாகத் தெரிந்தது.

நம் காலத்தை மட்டும் குறைத்துச் சொல்ல வேண்டாம். 2020 மார்ச் 4-ஆம் தேதி நிக் வாலண்டா என்ற கம்பிநடைக் கலைஞர் முகமூடி அணிந்துகொண்டு அந்த நெருப்புக்கு மேலே கம்பி கட்டி நடந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்பியது.

ஒருவன் தெய்வத்தைப் பார்த்தான். ஒருவன் நரகத்தைப் பார்த்தான். ஒருவன் தங்கத்தைப் பார்த்தான். ஒருவன் வேடிக்கையைப் பார்த்தான். நெருப்பு ஒன்றுதான். அவரவர் கல்பில் என்ன இருந்ததோ அதையே கண் போய்ப் பார்த்தது. கண்கள் குருடாவதில்லை, நெஞ்சுக்குள் இருக்கும் இதயங்களே குருடாகின்றன என்ற கருத்தை சூரத்துல் ஹஜ்ஜில் ஓதுகிறோமே, அது வேறு யாரையோ பற்றியது என்று நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் ஒரு முஃமின் அதை எப்படிப் பார்க்க வேண்டும்?

அது தெய்வமுமன்று, நரகத்தின் வாசலுமன்று. நரகம் மறைவான விஷயம். அதன் வாசலை எந்த மலையிலும் காட்ட யாருக்கும் அதிகாரமில்லை. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய மரணத்துக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள். தம் சொந்தத் துக்கத்தின் நேரத்தில்கூட இயற்கையின் மீது ஒரு கற்பனையை ஏற்ற அவர்கள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே எரிமலை வெடித்தால், "அந்த ஊரார் செய்த பாவம்" என்று இங்கிருந்துகொண்டு தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். காரணத்தை அறிவதால் ஈமான் குறையாது. காரணங்களைப் படைத்தவனும் அவனே அல்லவா?

ஆயினும் அது நினைவூட்டல். நாம் மூட்டும் இவ்வுலக நெருப்பு நரக நெருப்பின் எழுபது பங்குகளில் ஒரு பங்கே என்ற கருத்தை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பாறையையே குழம்பாக்கும் சூட்டை விளிம்பில் நின்று பார்க்கிறவனுக்கு இந்த ஹதீஸ் நினைவுக்கு வராவிட்டால் வேறு எங்கேதான் வரும்? சூரத்து ஆல இம்ரானின் கடைசிப் பகுதியில் அறிவுடையோரின் இலக்கணத்தை அல்லாஹ் சொல்கிறான். அவர்கள் நின்றும் இருந்தும் படுத்தும் அவனை நினைக்கிறார்கள். வானம் பூமியின் படைப்பைச் சிந்திக்கிறார்கள். இதை நீ வீணாகப் படைக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். நரக நெருப்பின் வேதனையிலிருந்து காப்பாற்று என்று கேட்கிறார்கள். பார்வையில் தொடங்கி துஆவில் முடிகிறது அந்தப் பாதை. இரவில் விழித்து வானத்தைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் ஓதியதும் இந்த வசனங்களையே.

அந்த இளைஞர் சொன்ன ஒரு சிறு செய்தி நம் நெஞ்சில் ஆழப் பதிந்தது. விளிம்பில் வண்டியை நிறுத்தும்போது, அதன் முகத்தை வெளியேறும் வழியை நோக்கித்தான் நிறுத்த வேண்டுமாம். ஏதேனும் நேர்ந்தால் திருப்பிக்கொண்டிருக்க நேரமிராது; ஏறி அமர்ந்ததும் புறப்பட்டுவிட வேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. 2001 ஏப்ரல் 23-ஆம் தேதி அந்த வாய் திடீரென வெடித்துப் பெரிய கற்களை வீசியது. விளிம்பில் நின்ற வண்டிகள் சேதமாயின. ஒருவர் காயம் அடைந்தார்.

சகோதரர்களே! இவ்வுலகில் அந்நியனைப் போல அல்லது வழிப்போக்கனைப் போல இரு என்பது நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்துச் சொன்ன உபதேசம். நம் வாழ்க்கை வண்டியை நாம் எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தியிருக்கிறோம்? கொடுக்க வேண்டிய கடன் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? பேசாமலிருக்கும் அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்களா? சகோதரிக்குச் சேர வேண்டிய பங்கு சேர்ந்துவிட்டதா? புறப்பட அழைப்பு வந்தபின் வண்டியைத் திருப்ப யாருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை.

இனி அந்த அம்மையாரின் கேள்வி. புகை எங்கே போய் விழுகிறது?

நாம் தேடிப் படித்தோம். மசாயா விடும் புகையில் கந்தக வாயு மிகுதி. அங்கே ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. அந்தக் காற்று புகையை மேற்கே தள்ளுகிறது. எரிமலையோ தாழ்வானது, மேற்கே உள்ள மலைமுகடோ சுமார் 900 மீட்டர் உயரம். எனவே புகை ஊர்களுக்கு மேலே உயர்ந்து கலைந்துவிடுவதில்லை; எல் குருசேரோ முதலிய ஊர்கள் இருக்கும் அந்த முகட்டின் மீது நேராகப் போய் மோதுகிறது. மக்கள் அதைச் சுவாசிக்கிறார்கள். தகரக் கூரைகள் விரைவில் துருப்பிடித்து அரித்துப் போகின்றன. வாயு மிகுந்து வெளிப்பட்ட காலங்களில் காப்பித் தோட்டங்கள் கருகி, உழவர்கள் பெரும் நஷ்டம் அடைந்திருக்கிறார்கள்.

சுற்றுலாப் பயணியின் நெஞ்சுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாத புகை, வேறொருவனுக்குப் பிறந்த ஊரின் காற்று! பயணிக்கு வண்டி வெளியே பார்த்து நிற்கிறது. உழவனின் நிலம் எந்தப் பக்கமும் திரும்புவதில்லை.

"நான் பார்க்க மட்டும்தானே செய்தேன், யாருக்கும் தீங்கு செய்யவில்லையே" என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். அந்தப் புகையை விட்டது அவரல்லர். அதற்காக அவர் மீது குற்றமும் இல்லை. ஆனால் குற்றம் இல்லை என்பதும் கடமை இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒருவர் வீட்டு வாசலில் நின்று ஓர் அற்புதத்தைக் கண்டுவிட்டு, வீட்டுக்காரர் நலமா என்று கேட்காமல் திரும்புவது நம் வழக்கமா? பக்கத்து வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரம்புவது ஈமானுக்கு அழகல்ல என்று படித்த சமுதாயமல்லவா நாம்? அல்லாஹ்வின் வல்லமையைக் கண்டு "ஸுப்ஹானல்லாஹ்" என்பது பார்வையின் ஒரு பாதி. அந்த வல்லமையின் நிழலில் வாழும் அடியார்களைப் பார்ப்பது மறுபாதி. முதல் பாதியை நாம் மூன்று தடவை செய்தோம். மறுபாதியை அந்த அம்மையார் ஒரு தடவையில் செய்துவிட்டார்.

எனவே இத்தகைய இடங்களுக்குப் போக வாய்ப்புக் கிடைப்பவர்களுக்குச் சில சொற்கள்.

நிய்யத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டாருக்கும் கடன்காரருக்கும் உரியதைக் கொடுத்தபின் மிஞ்சிய ஹலாலான காசில் போங்கள். பயணத்தில் கஸ்ரும் ஜம்உம் மார்க்கம் தந்த சலுகை. தொழுகையை விடுவதற்குச் சலுகை இல்லை. பிற மதத்தாரின் சின்னம் ஓரிடத்தில் இருப்பதால் அங்கே நிற்பதே பாவமாகிவிடாது; அதற்கு மரியாதைச் சடங்கு செய்யாதீர்கள், அதை இழிவு செய்து பேசவும் வேண்டாம். காவலர்கள் சொல்லும் எல்லையைத் தாண்டாதீர்கள். உங்களையே நீங்கள் அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற சூரத்துல் பகராவின் கட்டளை இதற்கும் பொருந்தும். நியூசிலாந்தின் வெள்ளைத் தீவு எரிமலை 2019 டிசம்பர் 9-ஆம் தேதி வெடித்தபோது, அங்கு இருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தார்கள். அவர்களும் பார்க்கப் போனவர்களும் அழைத்துப் போனவர்களுமே. இறுதியாக, அவ்வூர் மக்களிடம் பேசுங்கள். அவர்கள் விளைவித்ததை அவர்களிடமே விலை பேசிக் கசக்காமல் வாங்குங்கள். அவர்களுக்காக துஆச் செய்யுங்கள்.

போக முடியாதவர்கள்? நம்மில் பெரும்பாலோர் அவர்களே. நமக்கும் அந்த நினைவூட்டல் கிடைக்காமல் இல்லை. ஸஹர் நேரத்தில் பற்றவைக்கும் அடுப்பிலும் நெருப்புத்தான் இருக்கிறது. சூரத்துல் வாகிஆ பேசுவது மனிதன் கையால் மூட்டும் அந்த நெருப்பைப் பற்றியே. அதோடு, நம் வீட்டுக் குப்பையை எரிக்கும்போது அந்தப் புகை யார் வீட்டுச் சாளரத்துக்குள் போகிறது என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். எரிமலையை நிறுத்த யாராலும் முடியாது. இதை நிறுத்த நம்மால் முடியும்.

மனாகுவா நகரில், ஏரிக்கரையை ஒட்டி அகவாலிங்கா என்ற இடம் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் கலந்த சேற்றில் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் நடந்து சென்ற மனிதர்களின் காலடிகள் அங்கே கல்லாக உறைந்து கிடக்கின்றன. பெரியவர்களின் அடிகளும் சிறுவர்களின் அடிகளும் உண்டு. மேலே மேலே சாம்பல் விழுந்து மூடியது. 1874-இல் அவை வெளிப்பட்டன. அவர்கள் எரிமலைக்கு அஞ்சி ஓடினார்கள் என்று முதலில் கருதினார்கள். அடிகளுக்கிடையே உள்ள தூரத்தைப் பார்த்தபின், அவர்கள் ஓடவில்லை, நிதானமாக நடந்தார்கள் என்கிறார்கள். அவர்கள் பெயர் இல்லை, மொழி தெரியாது, வீடு வாசல் இல்லை. நடந்த சுவடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நம் வீடுகளில் யாஸீன் ஓதாத வாரம் இல்லை. மனிதர்கள் முற்படுத்தி அனுப்பியதையும், அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகளையும் அல்லாஹ் எழுதுகிறான் என்ற கருத்தை அதன் தொடக்கத்திலேயே ஓதுகிறோம். சேற்றில் பதிந்த பெயரில்லாத ஒரு சிறுவனின் காலடியை இரண்டாயிரம் ஆண்டுகள் காத்து வைக்க அவன் வல்லவன். நம் கால் எங்கே போனது, கண் எதைப் பார்த்தது, பார்த்தபின் கை என்ன செய்தது என்பது அவனிடம் தவறுமா?

2024 மார்ச் மாதம் மசாயாவின் உட்சுவர் சரிந்து விழுந்து அந்த நெருப்பு ஏரியை மூடியது என்றும், பார்வையாளர்களுக்கு அந்தப் பூங்கா மூடப்பட்டது என்றும் செய்தி வந்தது. கடலிலிருந்து அந்த இளைஞர் நமக்குத் தொலைபேசியில் சொன்னார். கூடவே, "ஹஜ்ரத், உம்மா இப்பவும் அந்த ஊர்க்காரங்களுக்காக துஆ கேக்கிறாங்க" என்றார்.

அவருடைய கேள்விக்கு நம் பதில் இதுதான்: தம்பி, நீங்கள் பார்த்தது பாவமன்று. உங்கள் உம்மாவின் கேள்வியையும் சேர்த்துப் பார்த்தால் அது இபாதத்தாகவும் ஆகும், இன்ஷா அல்லாஹ்.

பார்க்கும் கண்ணோடு உணரும் கல்பையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! தன் அத்தாட்சிகளைக் கண்டு புறக்கணித்துச் செல்வோரின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காதிருப்பானாக! நெருப்பின் வேதனையிலிருந்து நம்மையும் நம் குடும்பத்தாரையும் காத்தருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.